குண்டில்லாத நாட்டுக்குத் தடை எதற்கு?

கேள்வி: தோட்டத்து நாட்சம்பளத்தை உயர்த்தவே வருஷக்கணக்கில் பேசும் நாடு, அணுகுண்டுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கையில் சேர்ந்து என்னத்தைக் கிழித்தது? – வாசகர், தலவாக்கலை

பதில்: கையெழுத்துப் போட்டது 1996 ஒக்டோபரில், உறுதிசெய்தது 2023 ஜூலையில். சம்பளப் பேச்சே தேவலை! இத்தனைக்கும், 1996க்குள் இந்தப் பரிசோதனைத் தடையை எழுதி முடிப்பதாக வாக்குறுதி பெறப்பட்ட 1995 அணுவாயுதப் பரவல் தடை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த ஜயந்த தனபால. நாடு உறுதிசெய்வதற்கு இரண்டு மாதம் முன்னர் அவர் காலமானார்.

நாம் சேர்ந்ததால் மட்டும் உடன்படிக்கை அமுலுக்கு வந்துவிடாது என்பதும் உண்மையே. அணு உலை வைத்திருந்த 44 நாடுகள் அதன் பட்டியலில் உள்ளன. அத்தனையும் உறுதிசெய்ய வேண்டும். இலங்கை அதில் இல்லை. இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா கையெழுத்தே போடவில்லை. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல், ஈரான், எகிப்து போட்டதோடு சரி. ரஷ்யா 2023 நவம்பரில் கொடுத்த உறுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆனால் பல்லேகல நிலநடுக்க நிலையத்தை மறக்காதீர்கள். புவிச்சரிதவியல் பணியகம் நடத்தும் அது, உடன்படிக்கையின் 120 துணை நிலையங்களில் ஒன்று. வியன்னாவிலுள்ள உடன்படிக்கை அமைப்பு கேட்டால் தரவு போகும். 2020இல் திகன பக்கம் நிலம் அதிர்ந்தபோது நமக்கும் அது உதவியது. நிலநடுக்கமா குண்டா என்பது அலையில் தெரியும்: நிலநடுக்கத்தில் பாறைப் பிளவு சறுக்குவதால், பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலையும் நிலத்தின் மேலாக ஓடும் மேற்பரப்பலையும் பலமாக வரும். குண்டோ எல்லாப் பக்கமும் ஒரேயடியாகத் தள்ளும். முதலில் வந்துசேரும் முதலலை தூக்கலாகவும் மேற்பரப்பலை சோர்ந்தும் பதியும். 2017இல் வட கொரியா வெடித்தது 6 ரிக்டரைத் தாண்டியது, மறைக்க வழியில்லை.

சிக்கல் சின்னக் குண்டில். ஒரு கிலோதொன்னுக்கும் (ஆயிரம் தொன் டி.என்.டி. வெடிமருந்தின் பலம்) குறைவானதைப் பெரிய நிலக்குகைக்குள் வெடித்தால் அதிர்வு அடங்கிவிடும். பிறகு வெடிப்பிலிருந்து கசியும் கதிரியக்கச் செனன் வாயுவைத்தான் தேட வேண்டும். செனன்-133 ஐந்து நாளுக்கொரு முறை பாதியாகும்; காற்றும் கண்காணிப்பு நிலையத்தின் பக்கம் வீச வேண்டும். 2013 வட கொரியச் சோதனையின் வாயு ஜப்பானின் தகசாகியில் பிடிபட 55 நாள் ஆனது.

சந்தேகம் தீர இடத்துக்கே போகலாம்: உடன்படிக்கையின் 51 நாட்டு நிறைவேற்றுச் சபையில் 30 வாக்கு வேண்டும், சோதிக்கும் பரப்பு அதிகபட்சம் 1,000 சதுர கிலோமீற்றர். ஆனால் அமுலுக்கு வந்த பிறகுதான். அதனால்தான் 2019இல் ரஷ்யா தன் ஆர்க்டிக் தீவுச் சோதனைத் தளமான நோவாயா செம்லியாவில் ஏதோ செய்கிறது என்று அமெரிக்கா சொன்னது, ரஷ்யா மறுத்தது, இன்றுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.