மில்லிங் மெஷினுக்கு டி.ஆர்.ஓ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் பட்டறையில் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். டி.ஆர்.ஓ (டேபிளின் நகர்வை ஸ்கேலால் அளந்து எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் ரீட்அவுட்) மாட்டப்போகிறேன். கண்ணாடி ஸ்கேல் வாங்கலாமா, மேக்னடிக் ஸ்கேல் வாங்கலாமா?

இடம் இருந்தால் கண்ணாடி ஸ்கேலே போதும். 5 மைக்ரான் ரெசல்யூஷன் வீட்டு வேலைக்குத் தாராளம். சின்ன மெஷினில் எக்ஸ் (இடம்-வலம்) ஸ்கேலை டேபிளின் பின்பக்கம் வைத்தால், அதன் தடிமன் அளவுக்கு ஒய் (முன்-பின்) ஓட்டம் குறையும். அதைத் தாங்க முடியாத மெஷினுக்கு, ஒல்லியான மேக்னடிக் ஸ்கேல். ஆனால் டயல் ஸ்டாண்டின் காந்த அடியை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்கேலை எவ்வளவு நேராக வைக்க வேண்டும்? கொஞ்சம் சாய்ந்தால் அளவு தப்பாக வருமா?

பலரும் பயப்படுவது இதற்குத்தான். 300 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. சாய்ந்தால்கூட, அளவில் வரும் பிழை 2 மைக்ரானுக்கும் குறைவு. அடி வாங்குவது, ஸ்கேலில் ஓடி அளவைப் படிக்கும் ரீடர் ஹெட். சாய்ந்த ஸ்கேலில் அது ஒரு முனையில் இறுகி, மறு முனையில் தளர்ந்து, சீக்கிரம் தேயும். அதனால் டயல் இண்டிகேட்டரை அசையாத இடத்தில் நிறுத்தி, டேபிளை ஓட்டி, ஸ்கேலின் மேல்முகத்தையும் பக்கமுகத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். முழு நீளத்துக்கும் 0.1 மி.மீ.க்குள் கொண்டுவந்தால் நிம்மதி. வார்ப்பு முகம் கரடுமுரடாக இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள், போல்ட்டை இறுக்கி வளைத்து நேராக்க வேண்டாம்.

ஹெட்டுடன் வரும் பிளாஸ்டிக் பிடிப்பைப் பிராக்கெட் மாட்டி முடிக்கும்வரை கழற்றாதீர்கள், இடைவெளியைக் காப்பது அதுதான். பிராக்கெட்டைக் கனமான தட்டில் செய்யுங்கள். விரலால் அழுத்தினால் டிஸ்ப்ளேயில் எண் மாறுகிறது என்றால் அது போதாது. ஸ்கேலின் ரப்பர் உதடுகள் கீழ்நோக்கி இருக்கட்டும், அந்தப் பக்கம் ஏர் கன் அடிக்கவே கூடாது. கடைசியாக, டேபிள் இரு பக்கமும் முட்டும்வரை கையால் மெதுவாக ஓட்டுங்கள். டேபிள் நிற்பதற்கு முன் ஹெட் ஸ்கேல் முனையில் முட்டினால் கண்ணாடி போச்சு.

டி.ஆர்.ஓ மாட்டினால் பேக்லாஷ் (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம்) தொல்லை தீருமா?

பாதி தீரும். ஸ்கேல் டேபிளையே நேராக அளக்கிறது, ஹேண்டிலின் வெற்றுச் சுழற்சி கணக்கில் வராது. ஆனால் ஸ்க்ரூவில் ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. கிளைம்ப் மில்லிங்கில் (கட்டர் சுழலும் திசையிலேயே டேபிளை ஓட்டி வெட்டும்போது) கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுத்துவிடும். அப்புறம் கிப், அதாவது டேபிள் வழுக்கும் பாதையில் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை. கிப் தளர்ந்திருந்தால் டேபிள் லேசாகத் திரும்பும். ஸ்கேல் இருக்கும் இடத்தில் ஒரு நகர்வு, கட்டர் வெட்டும் இடத்தில் வேறொரு நகர்வு. டேபிள் லாக்கை இறுக்கும்போது எண் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் டி.ஆர்.ஓ வாங்கும் முன்பே கிப்பைச் சரிசெய்யுங்கள்.

உருண்டைத் தூண் மில்-டிரில்லுக்கும் இது பயன்படுமா?

படும். ஆனால் மெஷினின் ஹெட்டை (கட்டர் சுழலும் பாகத்தை) ஏற்றி இறக்கினால் அது தூணைச் சுற்றித் திரும்பிவிடும், டிஸ்ப்ளே அதை அறியாது. அந்த ஜீரோவை மறந்துவிட்டு, எட்ஜ் ஃபைண்டரால் (வேலைப்பொருளின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் கருவி) மறுபடி எடுக்க வேண்டும்.

மோட்டார் ஓடும்போது எண்கள் துள்ளுகின்றன.

முதலில் எர்த் பாருங்கள். மெஷின் உடலுக்கும் டிஸ்ப்ளே பெட்டிக்கும் நல்ல எர்த் வேண்டும். வி.எஃப்.டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) இருந்தால் ஸ்கேல் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டுபோங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எக்ஸ், ஒய் பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள்: துள்ளல் ஸ்கேலோடு போனால் கோளாறு ஸ்கேலில் அல்லது அதன் கேபிளில், டிஸ்ப்ளேயில் அதே அச்சில் நின்றால் டிஸ்ப்ளே பெட்டியில்.