மோட்டர்ஹோமின் குலுக்கலைக் குறைக்க நல்ல சொக் மட்டும் போட்டால் போதுமா?

கேட்டவர் கனடாவில் பழைய போர்ட் ஈ-450 மோட்டர்ஹோம் ஒன்று, அதாவது உள்ளே வீடு மாதிரிக் கட்டிய வண்டி, வாங்கியிருக்கிறார். பள்ளத்தில் விழுந்தால் உள்ளே பாத்திரமெல்லாம் உருளுகிறது, வளைவில் வண்டி சரிகிறது, சொக் (ஷொக் அப்சோபர்) மாற்றினால் தீருமா, ஸ்பிரிங்கிலும் கை வைக்க வேண்டுமா என்பது கேள்வி. பிள்ளைகளையும் அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஊர் பார்க்கத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பின் கட்டிலில் படுத்து வருகிறவருக்குத்தான் அந்தக் குலுக்கலின் அருமை தெரியும், ஓட்டுகிறவருக்குப் பாதிகூடத் தெரியாது.

நான் இலங்கையில், வன்னியில் விசுவமடுவில் இருக்கிறேன். எங்களிடம் இருப்பது பழைய டொல்பின் ஹையேஸ் வான். ஆனால் அதற்குள் கட்டில், தண்ணீர்த் தொட்டி, காஸ் அடுப்பு, திரை போட்டு மறைத்த சின்னக் கழிவறை எல்லாம் உண்டு. அண்ணாவுக்கு 2009இல் முள்ளந்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போனாலும், ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போனாலும், மடுவுக்கோ திருக்கேதீச்சரத்துக்கோ போனாலும் அவர் படுத்துத்தான் வர வேண்டும், வழியில் சிறுநீர்ப் பையை மாற்ற வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும். அதற்காகக் கட்டிய வான் இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வான்களுக்கு ஏறின விலை எல்லாருக்கும் தெரியும், புதியதைக் கனவிலும் நினைக்க முடியவில்லை, இருப்பதைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

ஏ9 பெருவீதியில் பிரச்சினை இல்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிறவல் ரோட்டு, மழை விட்டுக் காய்ந்ததும் குறுக்கே வரி வரியாக மேடு விழுந்துவிடும். அந்த வரியில் ஓடும்போது அண்ணாவின் குதிக்கால் கட்டில் சட்டத்தில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அவருக்கு வலி தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை. இரவு துடைக்கும்போது தோல் உரிந்து சிவந்திருந்ததைக் கண்டோம். அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. இந்தக் கேள்வியைக் கண்டதும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

கராஜுக்குக் கொண்டுபோனால் முதல் வார்த்தையே, "தங்கச்சி, பின்னுக்கு ஒரு ஸ்பிரிங் தகடு கூடப் போட்டுவிடுவம், வான் நிமிர்ந்து நிக்கும்." நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற பார்வை. "அண்ணை, நிமிர்ந்து நிக்கிறதுக்கு வரேல்லை, படுத்திருக்கிற ஆளுக்கு இடிக்காமல் இருக்கத்தான் வந்தனான்" என்றேன். அவர் நல்ல மனுசன், யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். சொக் பாரம் சுமக்காது. ஸ்பிரிங் அமுங்கி எழும்பித் துள்ளிக்கொண்டே இருக்காமல் அந்தத் துள்ளலை அடக்குவதுதான் சொக்கின் வேலை. உள்ளே இருக்கிற பிஸ்டன் ஒயிலைச் சின்ன வால்வுகளுக்குள்ளால் தள்ளும், துள்ளலின் சக்தி சூடாக மாறிப் போய்விடும். ஆகவே வண்டி பின்னால் தொங்கினால் எவ்வளவு விலையான சொக் போட்டாலும் நிமிராது. வண்டி நிமிர்ந்து நின்றும் மேட்டில் ஏறி இறங்கிய பிறகு இரண்டு மூன்று தரம் ஆடினால் சொக்கைப் பாருங்கள். தகடு கூடப் போடுவதில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உரசல் கூடும். சேறும் துருவும் சேர்ந்தால் சின்ன மேட்டுக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது, அதிர்வு நேரே உடம்புக்கு வரும். எங்கள் வானில் தகடுகளைக் கழற்றித் துரு சுரண்டி, தேய்ந்த புஷ் (பூட்டுகிற இடங்களில் இருக்கிற ரப்பர் வளையம்) எல்லாம் மாற்றிப் பூட்டியதற்கே பாதி வித்தியாசம் தெரிந்தது.

அதற்கு முன் எடை. இதை ஒருவரும் செய்வதில்லை. காலபோக அறுவடை நேரம் அரிசி ஆலையில் நெல் லொறி நிறுக்கிற தராசு இருக்கிறதே, அங்கே ஆலைக்கார ஐயாவைக் கேட்டு ஏற்றினோம். முதலில் முன் சில்லு மட்டும், பிறகு முழு வண்டி, பிறகு பின் சில்லு மட்டும். தொட்டி நிறையத் தண்ணீர், காஸ் சிலிண்டர், அண்ணா, சில்லுக்கதிரை எல்லாம் உள்ளேயே. பயணம் போகிறபடியே நிறுக்க வேண்டும், வெறும் வண்டியை நிறுத்துப் பிரயோசனம் இல்லை. 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதைப் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டால் பின்பக்கம் அமுங்குவதோடு முன் அச்சையும் தூக்கிவிடும், ஸ்டியரிங் லேசாகி வண்டி அலையும். எங்கள் வானில் தொட்டி, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் பின்னால், அதுவும் வலப்பக்கமே இருந்தன. தொட்டியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலையும் பின் அச்சின் மேலிருந்து கழற்றி இரண்டு அச்சுக்கும் நடுவே பூட்டினோம். அச்சுக்கு மேலே படுப்பவர் தூக்கி எறியப்படுவார், நடுவில் படுப்பவருக்கு அந்த ஆட்டம் குறைவு. தச்சுக்கூலியோடு முடிந்த வேலை, இதற்குப் பிறகுதான் சொக்குக்கு வந்தோம்.

சொக் செத்ததா என்று பார்க்க, மூலையைக் கையால் அமுக்கி ஆட்டிப் பார்ப்பது காருக்குச் சரி, இந்தப் பாரமான வண்டிகளுக்கு அது சரிவராது. கரடுமுரடான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சொக்கையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்தது சூடாக இருக்கும். மற்றதெல்லாம் சுட, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. எங்கள் வானில் பின் இடது சொக் குளிர்ந்துதான் இருந்தது. கழற்றித் தண்டை உள்ளே தள்ளியபோது பாதி வழி இறுக்கமாகப் போனது, அதற்குப் பிறகு பிடிப்பே இல்லாமல் சட்டென்று இறங்கியது. அடியில் கசிந்த ஒயிலோடு செம்மண் சேர்ந்து விரல் தடிப்புக்குக் களியாகப் பிடித்திருந்தது. ரயர் ரோட்டில் படுகிற பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அதுவும் சொக்கின் குற்றமாக இருக்கலாம்.

நாலையும் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், குறைந்தது ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுங்கள். வெறும் ஒயில் சொக்கை எடுத்துவிட்டு காஸ் சொக் போட்டோம். வரி மேட்டில் நெடுநேரம் ஓடினால் ஒயில் சூடேறிக் காற்றோடு கலந்து நுரைக்கும், நுரைத்தால் சொக் இருந்தும் இல்லாத மாதிரி. உள்ளே நைதரசன் அழுத்தம் இருந்தால் அந்த நுரை எளிதில் வராது. எங்கள் கிறவல் ரோட்டுக்கு அதுதான் பெரிய வித்தியாசம். முன்பக்கம் இந்த வானில் ரோர்ஷன் பார், அதாவது முறுகி முறுகி ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிற இரும்புத் தண்டு. அதன் போல்டை இறுக்கி முன்னைத் தூக்கிவிடுவோமா என்று கேட்டார்கள், அதற்கும் விடவில்லை. இறுக்கினால் உயரம்தான் கூடும், பாரின் விறைப்பு மாறாது, பள்ளத்தில் சில்லு கீழே இறங்க இருக்கிற இடம் குறைந்து ஸ்டொப்பரில் போய் இடிக்கும்.

இப்போது "எங்கட அப்பா காலத்தில் லொறியில் நெல் மூட்டைக்கு மேல் படுத்துப் போனோம், இதெல்லாம் சொகுசு" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். எழுதுங்கள். உடம்பு உணராத ஒருவரின் தோலுக்கு ஒரு சின்ன உரசல் எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்த பிறகு அந்த வார்த்தையை நான் ஏற்க மாட்டேன். எஞ்சினியரும் இல்லாதவள் ஏன் பாடம் எடுக்கிறாள் என்றும் கேட்கலாம். எங்கள் வானின் அடியில் படுத்துப் பார்த்ததையும், அந்த வேலையில் முடி நரைத்த மெக்கானிக்மாரிடம் கேட்டதையும்தான் எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரு மனுசனை இடிக்காமல் கொண்டுபோய் ஒரு அலுவலகத்தின் முன் இறக்கினால், வாசலில் உயரமான படிகள், சாய்தளம் இல்லை. உள்ளே இருந்தவர் வெளியே வந்து கையெழுத்து வாங்கலாம், வரவில்லை, அண்ணாவைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்று இந்த நாட்டில் 2006லேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. வன்னியில் சில்லுக்கதிரையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கண் இருக்கிற எவருக்கும் தெரியும். அதன் பிறகு கட்டிய கட்டடத்துக்கும் படிதான் வைக்கிறார்கள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஈ-450இல் முன்னால் கொயில் ஸ்பிரிங், பின்னால் தகட்டு ஸ்பிரிங், பின்னால் இரட்டைச் சில்லு. முதலில் வண்டியைப் பயணச் சாமானோடு நிறுங்கள். அங்கே லொறி நிறுக்கிற இடங்கள் நிறைய உண்டாம். அந்த எடைக்கு ரயர் கம்பனியின் அட்டவணையில் காற்று எவ்வளவு என்று பார்த்து, ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்சம். கண்ணை மூடிக்கொண்டு அந்த அளவுக்கு அடிக்கிறவர்கள்தான் கூட, குலுக்கலில் ஒரு பங்கு அதிலேயே வருகிறது. பிறகு புஷ், பிறகு சொக். பில்ஸ்டைன், கோனி இரண்டும் மோட்டர்ஹோமுக்கென்றே செய்கிறார்கள். கோனியின் எப்எஸ்டி வகை, வேகமான சின்ன அதிர்வுக்கு இளகியும் மெதுவான பெரிய ஆட்டத்துக்கு இறுகியும் கொடுக்கும், பின்னால் வயதானவர்கள் படுத்து வருவதென்றால் நான் அதைத்தான் பார்ப்பேன். வளைவில் சரிவதற்கு சொக்கை நம்ப வேண்டாம், தடித்த ஸ்டெபிலைசர் பார், அதாவது இடது வலது பக்கங்களை இணைத்துச் சரிவைக் குறைக்கிற தண்டு, போட வேண்டும். பாரத்தைக் குறைத்து இடம் மாற்றிய பிறகும் பின்பக்கம் தொங்கினால் அப்போது ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை போடலாம். இடது பைக்கும் வலது பைக்கும் தனித்தனிக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயென்றால் வளைவில் ஒரு பையின் காற்று மற்றதுக்கு ஓடி வண்டி இன்னும் சரியும். எது பூட்டினாலும் கடைசியில் சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஸ்பிரிங்கைக் கழற்றிப் பூட்டியிருந்தால் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு, ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கிற யூ போல்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும்.

முன் அச்சு, பின் அச்சு எடையையும் கட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்க்காமல் இந்தச் சொக் வாங்கு, அந்தச் சொக் வாங்கு என்று சொல்ல நான் தயாரில்லை.