ஜோர்டானில் ஐந்து நாள்: அம்மான், ஜெராஷ், பெட்ராவை கைடோடு எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: நவம்பரில் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஐந்து நாள் ஜோர்டான் போகிறீர்கள். 'அம்மான் நகர உலா, ஜெராஷ், ஒரே நாளில் பெட்ரா போய்த் திரும்புதல்' என்று ஏஜென்சி ஒரு திட்டம் கொடுத்திருக்கிறது. எடுக்கலாமா, கைடு அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைநகர் அம்மானும் ரோமானிய இடிபாடுகள் உள்ள ஜெராஷும் அந்தத் திட்டப்படியே இருக்கட்டும். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பெட்ராவின் வாசலில் இருக்கும் வாடி மூசா ஊரில் ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு இரவு தங்க வேண்டும். காரணம் வெறும் கணக்குதான். அம்மானிலிருந்து பெட்ரா சுமார் 235 கி.மீ.; பாலைவன நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் உள்ளே நுழையும்போது 10 தாண்டிவிடும். அந்த நேரத்தில்தான் எல்லா சுற்றுலா பஸ்களும் வந்து சேர்கின்றன. வாசலிலிருந்து பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் கஸ்ர் அல்-பின்த் கோயில் வரை ஏறக்குறைய 4 கி.மீ. நடை. போகும்போது இறக்கம், அதனால் தெரியாது. திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். பெற்றோர் களைத்துப்போவது அங்கேதான். ஒரே நாள் பயணத்தில் பெரும்பாலோர் பாறையில் செதுக்கிய கருவூலம் என்ற பெரிய முகப்பின் முன் படம் எடுத்துவிட்டு, கல்லறை வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலே இருக்கும் தைர் மடத்துக்கு நேரமே கிடைப்பதில்லை.

முதலில் பணக் கணக்கு. விசாக் கட்டணத்தையும் நுழைவுச்சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஜோர்டான் பாஸ் என்று ஒன்று இணையத்தில் விற்கிறார்கள். பெட்ராவை ஒரு நாள் பார்க்கும் பாஸ் 70 தினார், இரண்டு நாள் என்றால் 75, மூன்று நாள் என்றால் 80. ஒரு தினார் சுமார் 1.41 அமெரிக்க டாலர். பாஸ் இல்லாவிட்டால் விசாவுக்கு 40 தினார், பெட்ராவுக்கு ஒரு நாள் நுழைவு 50 தினார். இந்த இரண்டும் சேர்ந்தாலே பாஸின் விலையைத் தாண்டிவிடும். பாஸ் இருந்தால் ஜெராஷ், அம்மான் கோட்டை, ரோமானிய அரங்கு எல்லாம் அதிலேயே அடக்கம். ஆனால் இரண்டு நிபந்தனை: நாட்டுக்குள் இறங்குமுன் வாங்கியிருக்க வேண்டும், குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும். இன்னொன்று, பாஸ் விசாக் கட்டணத்தைத்தான் தள்ளுபடி செய்கிறதே தவிர விசா கிடைக்கும் என்பதற்கு உறுதி அல்ல. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விமான டிக்கெட் எடுக்குமுன் தூதரகத்தில் விதியைச் சரிபார்த்துவிடுங்கள். 75 தினார் பாஸை எடுங்கள். வெறும் ஐந்து தினார் அதிகம், கிடைப்பது ஒரு முழு நாள்.

கைடு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: டிரைவர் கைடு அல்ல. வண்டியில் ஆங்கிலம் பேசி ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் இடிபாடுகளுக்குள் விளக்கிச் சொல்ல அரசு உரிமம் பெற்ற கைடுகளுக்கு மட்டுமே அனுமதி. 'கைடோடு கூடிய பயணம்' என்று திட்டத்தில் எழுதியிருந்தால், அது வாசல் வரைக்குமா உள்ளேயுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வரி தெளிவில்லாததால் வாசலில் இன்னொரு முறை பணம் கொடுக்க நேரும். பெட்ராவிலும் ஜெராஷிலும் நுழைவிடத்திலேயே உரிமம் பெற்ற கைடுகள் கிடைப்பார்கள். கட்டணம் முழுக் குழுவுக்கும் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று அல்ல.

என் கருத்தில் அம்மான் கோட்டைக்குக் கைடு தேவையில்லை. ஜெராஷில் இருந்தால் நல்லது. பெட்ராவில் முதல் மூன்று மணி நேரத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

அம்மானுக்கு அரை நாள் போதும், ஆனால் வரிசை முக்கியம். ஊரே மலை மேல் மலையாக அடுக்கியது. மேலிருந்து கீழே வந்தால் மூட்டு தப்பிக்கும். டாக்ஸியில் ஜபல் அல்-கலா என்ற கோட்டை மலையில் போய் இறங்குங்கள். மஞ்சள் டாக்ஸி என்றால் மீட்டர் போடச் சொல்ல வேண்டும். தெரு முகவரி பல டிரைவர்களுக்குப் பிடிபடாது. மேற்கு அம்மானில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட ரவுண்டானாக்கள்தான் அடையாளம். 'மூன்றாவது ரவுண்டானா பக்கம்' என்றால் உடனே புரியும்.

கோட்டையில் ஹெர்குலிஸ் கோயில் தூண்களுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பளிங்குக் கை கிடக்கிறது. மூடிய விரல்கள் மட்டுமே மிச்சம். ஒவ்வொரு விரலும் ஒரு குழந்தையின் உடம்பளவு. அருகில் முழங்கைத் துண்டு. இதை வைத்துத்தான் அந்தச் சிலை 12 மீட்டருக்கு மேல் நின்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நேரே படம் எடுத்துவிட்டு நகராமல், குனிந்து நகங்களைச் செதுக்கியிருப்பதைப் பாருங்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் எட்டாம் நூற்றாண்டு உமய்யா அரண்மனையும், பக்கத்தில் வட்டமான பெரிய நீர்த்தொட்டியும். அந்த அரண்மனை கட்டி முடித்துச் சில பத்தாண்டுகளிலேயே, 749ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்தது. ஜெராஷையும் சரித்தது அதே நிலநடுக்கம். அங்கே போகும்போது இந்த ஆண்டை நினைவில் வையுங்கள்.

கோட்டையிலிருந்து பார்த்தாலே கீழே ரோமானிய அரங்கு தெரியும். படிவழியாக இறங்க 15, 20 நிமிடம். இரண்டாம் நூற்றாண்டில் மலைச்சரிவைக் குடைந்து 6,000 பேர் உட்காரும்படி கட்டியது. பார்ப்பவர் கண்ணில் வெயில் படாதபடி வடக்கு நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். மேல்வரிசைப் படிகள் மிகச் செங்குத்து, கைப்பிடி கிடையாது. பெற்றோரைக் கீழ் வரிசையில் உட்கார வைத்துவிடுங்கள்.

அம்மானில் தவறவே கூடாதது ராஸ் அல்-ஐன் பகுதியில் உள்ள ஜோர்டான் அருங்காட்சியகம். இது பாஸில் சேராது, தனி டிக்கெட். செவ்வாய் விடுமுறை. அம்மானின் ஓரத்திலேயே ஐன் கஸால் என்ற இடத்தில் 1983லும் 1985லும் தோண்டியெடுத்த சுண்ணாம்புச் சாந்துச் சிலைகள் இங்கே இருக்கின்றன. நாணல் கட்டின் மேல் சாந்து பூசி, கண்ணுக்கு நிலக்கீல் தீட்டி, ஏறக்குறைய 9,000 ஆண்டுக்கு முன் செய்தவை. சிலவற்றுக்கு ஒரே உடம்பில் இரண்டு தலை. பெட்ராவை விட இவை ஏழாயிரம் ஆண்டு மூத்தவை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். நகர உலாத் திட்டங்களில் இந்த அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு ஏதாவது கைவினைக் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அதை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெள்ளி, சனி அங்கே வார விடுமுறை. வெள்ளி காலை கடைவீதி அடைத்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெராஷ் அம்மானுக்கு வடக்கே 48 கி.மீ. காலை சீக்கிரம் போய் மூன்று மணி நேரம் நடந்தால் போதும். நிழல் அறவே இல்லை. நவம்பரிலும் தொப்பி வேண்டும். ஹேட்ரியன் வளைவு, குதிரைப் பந்தயத் திடல், முட்டை வடிவச் சதுக்கம், அதிலிருந்து நீளும் தூண் வீதி என்று வரிசையாக வரும். வீதியில் போகும்போது கீழே பாருங்கள்: கற்பலகைகளில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் பள்ளமாகத் தெரியும், நடுநடுவே சாக்கடை மூடிகள். ஆர்ட்டெமிஸ் கோயிலில் பன்னிரண்டு தூண்களில் பதினொன்று இன்னும் நிற்கின்றன. தூணின் அடியில் உள்ள இடுக்கில் ஒரு ஸ்பூனைச் செருகிக் காட்டுவார்கள்; காற்றுக்குத் தூண் அசைய, ஸ்பூன் மெல்ல ஏறி இறங்கும். தூண் சிறிது ஆடும்படி நிற்பதால்தான் நிலநடுக்கத்தில் முறியாமல் தப்பியது என்பது விளக்கம்.

இனி பெட்ரா. அங்கே கைடைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "தண்ணீர் எங்கிருந்து வந்தது, காட்டுவீர்களா?" முகம் மலர்ந்தால் அவரையே அழைத்துக்கொள்ளுங்கள். கருவூலத்தின் உச்சியில் உள்ள கல் கலசத்தில் புதையல் இருப்பதாக நம்பி பெதுயின் என்ற பாலைவன நாடோடிகள் துப்பாக்கியால் சுட்ட கதையை எல்லாரும் சொல்வார்கள். குண்டுத் தழும்பும் உண்டு. ஆனால் பெட்ரா என்ற ஊர் இருந்ததே தண்ணீரை ஆண்டதால்தான். மழை மிகக் குறைவு, வந்தால் வெள்ளமாக வரும். பெட்ராவைக் கட்டிய பழங்கால அரபு மக்களான நபாத்தியர்கள் வெள்ளத்தை சீக் இடுக்கின் வாயிலேயே அணை கட்டித் தடுத்து, பாறையைக் குடைந்த சுரங்கத்தால் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். குடிநீரைத் தொலைவில் உள்ள ஊற்றிலிருந்து கொண்டுவந்தார்கள்.

சீக் என்பது 1.2 கி.மீ. நீளமான பாறைப் பிளவு. சில இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான். உள்ளே நடக்கும்போது ஒரு பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெட்டிய வாய்க்கால் கூடவே வரும்; மறு பக்கத்தில் சுடுமண் குழாய்களைப் பொருத்திய பள்ளம், சில இடங்களில் குழாயே மிச்சமிருக்கிறது. பாதி தூரம் கடந்ததும் ஒரு புடைப்புச் சிற்பம்: ஒட்டகமும் ஓட்டுபவரும். மேல் பகுதி தண்ணீரும் மணலும் அரித்துக் கரைந்துபோய், ஒட்டகத்தின் கால்களும் மனிதனின் பாதமும் ஆடையின் விளிம்பும் மட்டும் மிச்சம். கைடு இல்லாதவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். அந்த ஒட்டக வரிசைகள் சுமந்த சரக்கில் நம் பக்கத்து மிளகும் இருந்திருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று முசிறியின் மிளகையும் சொல்கிறது, செங்கடல் துறைமுகத்திலிருந்து பெட்ராவுக்குப் போகும் சாலையையும் சொல்கிறது.

கருவூலம் எனப்படும் கஸ்னே சுமார் 40 மீட்டர் உயரம். பெயர்தான் கருவூலம், உண்மையில் கல்லறை. முகப்பின் இரு ஓரத்திலும் மேலே ஏறிப் போகும் குழிகளைப் பாருங்கள். சிற்பிகள் கால் வைத்து ஏறியவை என்கிறார்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்த வேலை இது. முன்னே தரையில் உள்ள இரும்புக் கிராதி வழியாக எட்டிப் பார்த்தால் இன்னும் கீழே கல்லறை அறைகள். இன்றைய தரை நபாத்தியர் நடந்த தரை அல்ல.

உங்கள் ஐந்து நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் இறங்கி ஓய்வு. இரண்டாம் நாள் காலை ஜெராஷ், பிற்பகல் அம்மான் கோட்டையும் அரங்கும். மூன்றாம் நாள் காலை அருங்காட்சியகம், பிறகு வாடி மூசா போய் இரவு தங்கல். அங்கே பெட்ரா வாசலை ஒட்டியே 2019இல் திறந்த பெட்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் இருந்தால் அன்று மாலையே பார்த்துவிடுங்கள், மறுநாள் கற்கள் பேசும். நான்காம் நாள் காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது நுழையுங்கள். சீக்கில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். வெயில் கஸ்னே முகப்பில் நேராக விழுவது 9 மணிக்கு மேல். படத்துக்காக அதுவரை அங்கேயே நிற்காமல், அரங்கு, தூண் வீதி, பெருங்கோயில் என்று கைடோடு முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இன்னொரு முறை பார்க்கலாம்.

தைர் மடத்துக்கு 800க்கு மேல் படிகள், நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம். அதன் முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில்தான், பாதையிலும் அப்போது நிழல் இருக்கும். ஆனால் நவம்பரில் சீக்கிரமே இருட்டிவிடும். எனவே 12 மணிக்கே ஏறத் தொடங்கி, 2:30க்குக் கீழே இருங்கள். கழுதையில் ஏற்றிவிடுகிறேன் என்று வழியெல்லாம் கேட்பார்கள். தேய்ந்து வழுவழுப்பான படியில் பாரத்தோடு அது கால் இடறினால் உங்களுக்கும் ஆபத்து, அந்த வாயில்லாப் பிராணிக்கும் கொடுமை. முடியாதவர்கள் மடத்தை விட்டுவிடலாம், குறை ஒன்றும் இல்லை. அரசக் கல்லறைகள் மேற்கு பார்த்தவை. மாலை வெயிலில் அந்தச் சிவப்பு, மஞ்சள், ஊதா வரிகள் பற்றி எரிவது போல இருக்கும். மடத்துக்கு ஈடாக அது போதும். ஐந்தாம் நாள் காலை விட்டதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையம் அம்மானுக்குத் தெற்கே இருப்பதால் வாடி மூசாவிலிருந்து நேராக அங்கேயே போய்விடலாம். நகருக்குள் போய்த் திரும்பினால் இரண்டு மணி நேரம் வீண்.

மழை வந்தால் விளையாட்டு இல்லை. 1963இல் சீக்கில் புகுந்த வெள்ளத்தில் 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். 2018 நவம்பரில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். மேலே மலையில் பெய்யும் மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே பாய்ந்து வரும். காவலர் வெளியேறச் சொன்னால் அந்த நொடியே நடையைக் கட்டுங்கள். கஸ்னேயை மேலிருந்து காட்டுகிறேன் என்று பையன்கள் அழைக்கும் குறுக்கு வழிகளிலும் ஏறாதீர்கள். பிடிமானம் இல்லாத செங்குத்துப் பாறை அது.

பெற்றோருக்காக: வாசலிலிருந்து கஸ்னே வரை மின்வண்டி ஓடுகிறது, கட்டணம் தனி. போகும்போது நடந்துவிடலாம் என்று தோன்றினாலும், திரும்பி ஏறுவதற்கு அது வேண்டியிருக்கும். காலையிலேயே திரும்பும் பயணத்துக்கும் பேசிவிடுங்கள். 'டிக்கெட்டில் குதிரைச் சவாரி இலவசம்' என்பது உண்மைதான், ஆனால் சீக்கின் வாய் வரைதான். இறங்கும்போது அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். ஒன்று, ஐந்து தினார் தாள்களாக மாற்றி வையுங்கள். சைவம் என்றால் ஹம்முஸ், ஃபலாஃபெல், ஃபூல், பருப்பு சூப் எங்கும் கிடைக்கும். பாலைவன நாடு என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள்: வாடி மூசா 1,000 மீட்டர் உயரம், நவம்பர் அதிகாலை சீக்கில் பல் கிட்டும்.