குப்பை வண்டியும் ஈபி பில்லும்: வாசகர் கேள்விகள்

நகராட்சி அலுவலக மொட்டைமாடியில் 20 கிலோவாட் சோலார் போட்டுவிட்டோம். கார்பன் சமநிலை (வெளிவிடும் கார்பனும் ஈடுகட்டுவதும் சமம்) அடைந்ததாக அறிவிக்கலாமா?
– கவுன்சிலர், டெல்டா பகுதி

யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காதவரை அறிவிக்கலாம். 20 கிலோவாட் நம்மூர் வெயிலில் நாளுக்கு 80 யூனிட் தரும். ஈபி மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் வருடத்துக்கு 20 டன் மிச்சம். குப்பையை அழுத்தி ஏற்றும் உங்கள் காம்பாக்டர் லாரி ஒன்று தினம் 30 லிட்டர் டீசல் குடித்தால் அது மட்டுமே கிட்டத்தட்ட 30 டன். மற்ற வண்டிகளை இன்னும் நாம் தொடவே இல்லை.

ஏசிகளை எல்லாம் ஐந்து நட்சத்திர ஏசியாக மாற்றப் போகிறோம். சரிதானே?
– உதவிப் பொறியாளர்

ஈபி பில்லைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. குடிநீரைத் தாங்களே விநியோகிக்கும் ஊர்களில் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரேற்று நிலையத்துக்கும் தெருவிளக்குக்கும்தான் போகும். (சென்னையில் குடிநீர் வாரியம் தனி, அங்கே கணக்கு வேறு.) பழைய பம்புகள் 40, 45 சதவீதத் திறனில் முனகிக்கொண்டிருக்கும், சரியாகத் தேர்ந்த புதியது 70-ஐத் தாண்டும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஏசிக்கு வரலாம். பழைய ஏசியைக் கழற்றும்போது அதில் குளிரூட்டும் ஆர்-22 வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ கசிந்தால் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

மரம் நட்டு ஈடுகட்டலாமா?

நடுங்கள், நிழலுக்காக. டீசல் கணக்கில் கழிக்காதீர்கள்.

எங்களிடம் சுமார் 140 வண்டிகள். எவற்றை முதலில் மின்வண்டியாக மாற்றுவது?
– பெயர் வேண்டாம்

எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு குடிக்கிறது என்று எழுதவே இல்லையே! நான் பார்த்த லாக் புக்குகள் பல ஒரே மாதிரி: ஜனவரியில் 180 லிட்டர், பிப்ரவரியில் 180, மழையில் ஊரே முடங்கிய நவம்பரிலும் 180. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நின்று வருடமாகியிருக்கும்; லாக் புக்கில் கிலோமீட்டர் மட்டும் தவறாமல் ஏறும். இந்தக் காகிதத்தை வைத்து ஆலோசகர் வண்ண வண்ணமாகப் படம் போட்டுத் தருவார், மன்றத்தில் தீர்மானமும் நிறைவேறிவிடும். தயவுசெய்து மூன்று மாத பங்க் ரசீதையும் ஜிபிஎஸ் பதிவையும் ஒப்பிட்டுவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள்.

இன்னொரு கள்ளக்கணக்கும் உண்டு. குப்பை அள்ளுவதை ஒப்பந்தத்துக்கு விட்டதும் அந்த வண்டிகளின் டீசல் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். தெருவில் புகை என்னவோ அதேதான். ஒப்பந்த வண்டிகளையும் சேருங்கள். அடுத்த டெண்டரில் மின்வண்டி என்று நிபந்தனையே போடுங்கள்.

வரிசை கேட்டீர்கள். வீடுவீடாகக் குப்பை வாங்கும் சின்ன வண்டிகள் முதலில். தூரம் குறைவு, தடம் தெரிந்தது, மதியம் ஷெட்டுக்கு வந்துவிடும். வெயில் இறங்குமுன் சோலாரிலேயே சார்ஜ் ஏற்றலாம். அடுத்தது அதிகாரிகளின் கார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரியும் ஜேசிபியும் கடைசி. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்க முடியாது என்பதால் பல வண்டிகள் எப்படியும் போகப்போகின்றன. அந்த இடத்தில் இன்னொரு டீசல் வண்டி நின்றால் அடுத்த 15 ஆண்டும் போச்சு. வண்டி வருமுன் ஷெட்டுக்குக் கூடுதல் மின்பளு வாங்கிவிடுங்கள்.

நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் வண்டியால் என்ன லாபம்?

பாதி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் டீசல் மினி லாரி, கிலோமீட்டருக்கு 180 கிராம் விடும். யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் ஓடும் மின்வண்டி 90 கிராம். மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட இது இன்னும் இறங்கும், டீசல் இறங்காது.

கார்பன் சமநிலைக்குச் சென்னை 2050 என்கிறது. நாங்கள் 2035 என்று போடலாமா?

2023-இல் வந்த சென்னைத் திட்டம் ஊர் முழுவதற்குமானது. உங்கள் கட்டடங்களுக்கும் வண்டிகளுக்கும் மட்டும் 2035 முடியாததல்ல. ஈபி பில் கையில் இருக்கிறதா?

பழைய அலுவலகத்தை இடித்துப் பசுமைக் கட்டடம் கட்டலாமா?

வேண்டாம். ஒரு டன் சிமெண்டுக்கே அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. 1913-இல் திறந்த ரிப்பன் கட்டடத்தில் இன்றும் மாநகராட்சி நடக்கிறது. கூரைக்கு வெள்ளை அடித்து, 75 வாட் மின்விசிறிகளை 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் சுற்றும் மோட்டார்) விசிறிகளாக மாற்றுங்கள்.

கரண்ட் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று இன்வெர்ட்டர் தானாகவே அணைகிறது. தொடர்ந்து வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும்.