மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர்களுக்கு எங்கள் ஊரில் யாரும் கதவு திறப்பதில்லை, எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது?

கேள்வி கேட்டவர் குமரி மாவட்டம் என்கிறார். நாட்டு வளர்ச்சி, நலத்திட்டம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தும் பலனில்லையாம். ஏதோ இளைஞர் மன்றத்துப் பையனாக இருக்க வேண்டும். தம்பி, முதலில் அந்த நோட்டீஸை மடித்து உள்ளே வையுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை கல்குளம் தாலுகாவில் ஒரு மலையோரப் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும்.

நம்ம பக்கம் தெரு ஏது? ஒவ்வொரு வீடும் ஒரு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அப்புறம் ஒரு நாய், அதற்கும் அப்புறம்தான் வீடு. முதல் மூன்று நாளும் காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். ஆண்கள் ரப்பர் பால் வெட்டப் போயிருப்பார்கள். பெண்கள் "அவரு வந்த பெறவு வாங்க டீச்சரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, கதவு மட்டும் திறக்காது.

நாலாம் நாள் ஒரு வீட்டில் பின்பக்கமாகப் போனேன். அந்த அம்மா ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். ஆசிட் விட்டு உறைந்த பாலைத் தட்டிலிருந்து கவிழ்த்து, உள்ளங்கையால் அமுக்கிப் பரத்தி, உருளைக்குள் விட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறார். நான் படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு "நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?" என்றேன்.

"வேலயா? சும்மாதான் இருக்கேன்."

அவர் சொல்லி முடிக்கவும் ஷீட் மறுபக்கம் வெள்ளையாக வந்து விழுந்தது.

பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள், துருவிக் கேளுங்கள் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். கேட்டேன். பாலெடுக்கப் போவது யார்? நான். ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையில் தொங்கப் போடுவது? நான். ஆடு? "ஆட்டையும் எழுதுவியளா?" என்று சிரித்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: "எக்கா, இஞ்ச வா, நம்ம செய்யதெல்லாம் வேலையாம், டீச்சர் எழுதுறாவ!"

வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது மட்டும் வாய் திறக்கவில்லை. குமாரகோவில் முருகன் இருக்கும் திசைக்குக் கையைக் காட்டினார். வேலி தாண்டி வந்த அக்காதான் பெயரைச் சொன்னார். வழக்கப்படி சொல்லக் கூடாத கணவன் பெயரைப் பெண்கள் சொல்ல வேண்டியதில்லை என்று 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவே விட்டுக்கொடுத்திருக்கிறது, அதனால் நானும் வற்புறுத்தவில்லை. அன்று மத்தியானத்துக்குள் எட்டு வீடு முடிந்தது. இரண்டு பெண்களும் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன், அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

அந்தக் கணக்கில் நம் மாவட்டத்தில் 18,70,374 பேர், ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். அதில் எத்தனை பேரை அவசரத்தில் சும்மா இருப்பவர் என்று எழுதித் தள்ளினோமோ.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ரப்பரும் தென்னையும் தோட்டப்பயிர் என்பதால் அதை வைத்திருப்பவர் கணக்கெடுப்பில் விவசாயி ஆக மாட்டார், பிற தொழிலாளர் என்றுதான் போவார். "நாப்பது வருசமா மண்ண வெட்டுறவன் விவசாயி இல்லியா?" என்று ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

இன்னொரு பயமும் நம் ஊரில் உண்டு, வெளியில் யாரும் பேச மாட்டார்கள். சர்டிபிகேட்டில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை போவது வேறு இடம். என்ன சொன்னால் பிள்ளைக்குச் சிக்கல் வருமோ என்று கதவைச் சாத்துகிறார்கள். அவர்களிடம் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சொல்லுங்கள். கணக்கெடுப்பில் நீங்கள் சொன்னதை வேறு யாரும் எடுத்துப் பார்க்க முடியாது, வேறு வழக்கில் கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் நான் ஊர் பெயரைக்கூட எழுதாதது அதனால்தான்.

அரசாங்கத்துக்குப் பிரச்சாரம் செய்கிறேன் என்று யாராவது வருவார்கள், தெரியும். மக்கள்தொகைப் பதிவேடு என்பது வேறு, அது குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. 2010இல் வீட்டுப் பட்டியலோடு சேர்த்தே அதையும் எழுதினார்கள். அதைப் பற்றிய பயத்தை நான் மடத்தனம் என்று சொல்லவில்லை. எந்தப் படிவம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சொல்லாமல் விட மனசில்லாத ஒன்று. தாய்மொழி கேட்டபோது ஒரு தாத்தா, "தமிழ். நல்லா அழுத்தி எழுதும் பிள்ளே, அதுக்குத்தான் 1956ல திருவிதாங்கூர்-கொச்சிய விட்டுத் தமிழ்நாட்டோட சேந்தோம்" என்றார். போன மாதம் சென்னையில் மகள் வீட்டு லிஃப்டில் ஒரு அம்மா நான் இரண்டு வார்த்தை பேசியதும் "நீங்க கேரளாவா?" என்கிறார். மார்த்தாண்டம் என்றேன். "அப்போ கேரளாதானே?" எழுபது வருஷம் ஆகப்போகிறது அம்மா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் எடுக்க வேண்டியது கொரோனாவில் நின்று, இப்போது 2027 மார்ச் 1ஐ வைத்து எண்ணப் போகிறார்கள். இந்த முறை சாதியும் கேட்பார்கள், நாமே இணையத்தில் நிரப்பவும் வழி உண்டு. மன்றத்துப் பிள்ளைகள் போனோடு உட்கார்ந்து உதவலாம். ஆனால் பதிலை அவர்கள் வாயால் சொல்லவிட்டு எழுதுங்கள், உங்களுக்குத் தெரியும் என்று நீங்களே நிரப்பாதீர்கள். வருகிற டீச்சரைத் தனியாக அனுப்பாமல் அந்தப் பகுதிப் பெண் ஒருவரைக் கூட அனுப்புங்கள். பதினொரு மணிக்கு மேல் போகட்டும், ஞாயிறு காலை வேண்டாம். முதல் நாளே வீட்டுக்குச் சொல்லி நாயைக் கட்டச் சொல்லுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, இடது காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.