‘மைக்ரோசாஃப்ட்’ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

கேள்வி: காரைக்குடியில் வீட்டோடு பலகாரக் கடை வைத்திருக்கிறோம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் உள்ளூர்க் கல்யாணங்களுக்கும், சிங்கப்பூர் மலேசியாவில் இருக்கிற சொந்தங்களுக்கும் போகின்றன. பில், ஆர்டர், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில்தான். ஒரு மாதமாக ஆன் செய்தால் எழுந்திருக்கவே நேரமாகிறது. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியைத் திறந்து பார்த்தேன். ‘ரியல்டெக்’ என்று ஒன்று, ஜிஎஸ்டி டோக்கன் (ரிட்டர்னில் டிஜிட்டல் கையொப்பம் போடச் செருகுவோமே, அது) சம்பந்தப்பட்டது போல ஒன்று, படம்கூட இல்லாமல் வெறும் ‘புரோகிராம்’ என்று ஒன்று, அப்புறம் ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்று ஒன்று. மைக்ரோசாஃப்ட் பெயர் போட்டதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் டிஸேபிள் செய்துவிடலாம் என்கிறார் கடையில் வேலை பார்க்கும் தம்பி. செய்யலாமா?

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அவர் விட்டுவைக்கச் சொன்னாரே, அதுதான்.

உங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவர் வீட்டு முகப்பில் வந்து நின்றால் பெயரோடு விடமாட்டார்கள். எந்த ஊர், எந்தக் கோவில், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு சுற்று விசாரித்த பிறகுதான் வளவுக்குள் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழுந்திருக்கும் புரோகிராமையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்குள் ‘எஸ்விசி ஹோஸ்ட்’ என்று ஒரு நல்ல பிள்ளை உண்டு. அதன் முதல் மூன்று எழுத்துகளை இடம் மாற்றி ‘எஸ்சிவி ஹோஸ்ட்’ என்று வந்த வைரஸ்கள் உண்டு. எழுத்து மாறாமல் அதே பெயரில் வேறு ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தவையும் உண்டு. அசலின் வீடு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32. அதைப் பின்னணியில் ஓடும் சர்வீஸாக விண்டோஸே எழுப்பிக்கொள்ளும் என்பதால் ஸ்டார்ட்அப் பட்டியலுக்கு வர வேலையே இல்லை. அங்கே அதன் பெயரைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, உங்கள் ஸ்கிரிப்ட் ஹோஸ்டுக்கு வருவோம். இதன் வீடு சிஸ்டம்32தான். செய்தது மைக்ரோசாஃப்ட்தான். எந்த ஆன்டிவைரஸும் இதைக் குறை சொல்லாது. சிக்கல் என்னவென்றால் இது தானாக எதையும் செய்வதில்லை. கையில் ஒரு சீட்டைக் கொடுத்தால் அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்யும். சீட்டை எழுதியது யார் என்று கேட்காது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது அந்தச் சீட்டை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் ஆப்ஸுக்குப் போங்கள். மேலே ‘நேம்’, ‘பப்ளிஷர்’, ‘ஸ்டேட்டஸ்’ என்று தலைப்புகள் இருக்கும். அதில் ஏதாவது ஒரு தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் சின்னப் பட்டியல் ஒன்று விழும். அதில் ‘கமாண்ட் லைன்’ என்பதை டிக் செய்யுங்கள். வலது பக்கம் புதுப் பத்தி ஒன்று சேரும். அதை அகலமாக இழுத்துவிட்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் வரியைக் கடைசி வரை படியுங்கள். வரியின் கடைசியில் ‘விபிஎஸ்’ அல்லது ‘ஜேஎஸ்’ என்று முடியும் ஒரு ஃபைல் பெயர் வரும். அந்த ஃபைல்தான் நான் சொன்ன சீட்டு, அதாவது ஸ்கிரிப்ட். அது ‘ஆப்டேட்டா’ அல்லது ‘டெம்ப்’ ஃபோல்டரில் இருந்து, பெயரும் விசைப்பலகையில் கை போன போக்கில் தட்டியது போல இருந்தால், ஏறக்குறைய முடிவு தெரிந்துவிட்டது.

ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். கம்பெனிகளில் கணினியைக் கவனிப்பவர்கள் இப்படி ஸ்கிரிப்ட் எழுதி வைப்பது வழக்கம். உங்கள் கடைக்கு யாராவது அப்படி எழுதிக்கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் திருட்டுச் சரக்கும் இல்லை. அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் எழுத விடும் இடம் அது என்பதால் நல்ல புரோகிராம்கள் பலவும் அங்கே குடியிருக்கின்றன. அதே வசதிதான் வைரஸுக்கும்.

இன்னொரு கேள்வி. ஆர்டர் பட்டியலையோ லேபிளையோ பிரின்ட் எடுக்க பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது உண்டா? வந்த பிறகு அதிலிருந்த ஃபோல்டர்களின் மூலையில் சின்ன அம்புக்குறி முளைத்திருந்ததா? அப்படியானால் இது பழைய ஷார்ட்கட் வைரஸ் வகை. உங்கள் அசல் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். நீங்கள் திறந்தால் முதலில் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, பின்னாலேயே அசல் ஃபோல்டரையும் திறந்து காட்டும். நினைத்தது திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. சில ஸ்கிரிப்ட்டுகள் பென்டிரைவுக்குப் பென்டிரைவு தாவுவதோடு நிற்கும். சில, வெளியிலிருந்து ஆள் வந்து கம்ப்யூட்டரை இயக்கும் அளவுக்கு வழி திறந்துவிடும். வங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இது. பென்டிரைவுகளைக் கழற்றுங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அந்த வரியை டிஸேபிள் செய்யுங்கள். அது மட்டும் போதாது. குறித்த நேரத்தில் புரோகிராம்களை எழுப்பிவிடும் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ போன்ற இடங்களிலும் இவை ஒரு நகலை விட்டு வைக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போனால் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும். திறந்து வைத்த பில்லைச் சேமித்துவிட்டு அதை ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம். அப்புறம் ஒரு ஃபுல் ஸ்கேன். பென்டிரைவை அதற்குப் பிறகு செருகி, எந்த ஃபோல்டரையும் திறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர்களைக் காணோமே என்று ஃபார்மேட் செய்துவிட வேண்டாம். மறைத்துத்தான் வைத்திருக்கும், அழித்திருக்காது. வங்கி, இமெயில் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

மற்ற மூன்றுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. ரியல்டெக் சவுண்டு சம்பந்தப்பட்டது. அநேகமாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். வரியின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். வரும் ஃபைலின் ‘புராபர்ட்டீஸ்’ உள்ளே ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் சரி. அந்தப் பகுதியே இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றுக்குக் கையொப்பம் தனி ஏட்டில் இருக்கும், ஃபைலில் தெரியாது. சின்ன நிறுவனங்கள் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்காமலே விடுவதும் உண்டு. கையொப்பம் இருந்தால் மட்டும் யோக்கியம் என்றும் ஆகிவிடாது. 2010இல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், திருடப்பட்ட ரியல்டெக் சான்றிதழில் கையொப்பம் போட்டுக்கொண்டு வந்ததுதான். அது ஈரானின் அணு நிலையத்துக்குக் குறிவைத்த சரக்கு, சீப்புச் சீடைக்கு வராது.

டோக்கன் வரியைத் தொடவே தொடாதீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, தேவகோட்டையில் ஒரு கடையில் பெயர் புரியாத ஒரு வரியை நானே டிஸேபிள் செய்துவிட்டு வந்தேன். மறுநாள் ரிட்டர்ன் போடக் கடைசி நாள். டோக்கனைச் செருகினால் கையொப்பமே வரவில்லை. கணக்குப்பிள்ளை ஐந்து முறை கூப்பிட்டார். நல்ல வேளை, டிஸேபிள்தான் செய்திருந்தேன், அழிக்கவில்லை. போனிலேயே சொல்லி எனேபிள் செய்ய வைத்தேன். அன்றிலிருந்து எதை நிறுத்தினாலும் முதலில் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.

படமில்லாத ‘புரோகிராம்’ பெரும்பாலும் என்றோ அன்இன்ஸ்டால் செய்த ஏதோ ஒன்றின் மிச்சம். முகவரியை மேற்கோள்குறிக்குள் போடாமல் விட்டிருப்பார்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்பதில் நடுவே இடைவெளி இருக்கிறதல்லவா, டாஸ்க் மேனேஜர் அங்கேயே நின்று முதல் சொல்லைப் பெயராகக் காட்டிவிடுகிறது. கமாண்ட் லைன் பத்தியில் முழு முகவரியும் தெரியும். அந்த ஃபைல் இல்லையென்றால் டிஸேபிள் செய்துவிடலாம்.

இதற்கெல்லாம் பிறகும் ஏதாவது ஃபைல் சந்தேகமாகவே இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். 2012 முதல் கூகுள் வசம் இருக்கும் தளம். சுமார் 70 ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். இருபது முப்பது காட்டினால் பேச்சே இல்லை. ஏற்ற வேண்டியது அந்த விபிஎஸ் ஃபைலை. ஸ்கிரிப்ட் ஹோஸ்டை ஏற்றினால் சுத்தம் என்றுதான் வரும். அங்கே ஏற்றுவது பிறர் கைக்கும் போகும் என்பதால் ஆர்டர் புத்தகத்தையோ கணக்கையோ ஏற்றிவிடாதீர்கள். பெயரைக் கூகுளில் தேடினால் ‘இது ஆபத்தான ஃபைல், உடனே எங்கள் கிளீனரை இறக்குங்கள்’ என்று பத்துத் தளங்கள் வரும். அந்தக் கிளீனர்களை நம்பாதீர்கள்.

ஸ்டார்ட்அப் பட்டியலில் எல்லாம் தெரியாது என்பதால், ஸ்கேன் முடிந்த பிறகு மைக்ரோசாஃப்டின் இலவச ‘ஆட்டோரன்ஸ்’ கருவியை ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பேன். தானாக எழும் எல்லாவற்றையும் அது ஒரே இடத்தில் காட்டும். ஃபைல் இல்லாத வரிகள் மஞ்சளாகத் தெரியும். டிக்கை எடுத்தால் நிற்கும், மறுபடி போட்டால் ஓடும். டெலீட் பக்கம் போகாதீர்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு இனி லேபிளைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்புங்கள். பென்டிரைவ் வீட்டிலேயே இருக்கட்டும். எல்லாம் செய்த பிறகும் எழுந்திருக்க நேரமானால் ஹார்டு டிஸ்க் பழையதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.