பி0717 வந்தால் கியர்பொக்ஸையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஓட்டோ கியர் கொரோலா 121. புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது றம்பொடை தாண்டியதும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, கியர் மாறுகையில் கார் உதைக்கிறது. மறுநாள் காலை ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. டவுன் கராஜில் ஸ்கேன் போட்டு, பி0717 என்ற கோளாறு எண் வருகிறது என்றார்கள். சென்சரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். அது நல்லாயிருக்கிறதாம், அப்படியானால் கியர்பொக்ஸ்தான் போய்விட்டது, கொழும்பிலிருந்து ரீகண்டிஷன் ஒன்று எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பி0717 சொல்வது இவ்வளவுதான்: கியர்பொக்ஸுக்குள் சுழலும் உள்தண்டின் வேகத்தை அளக்கும் சென்சரிடமிருந்து காரின் கொம்பியூட்டருக்குச் சிக்னல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. சென்சர் செத்திருக்கலாம், பிளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். வேகம் தெரியாததால் கொம்பியூட்டர் பாதுகாப்பு முறைக்குப் போய்க் கியரை முரட்டுத்தனமாக மாற்றும். நீங்கள் சொல்லும் உதைப்பு பெரும்பாலும் அதுதான்.

சரி, சென்சர் நல்லாயிருக்கிறது என்றார்களே, எப்போது அளந்தார்கள்? காலையில், இரவு முழுக்கப் பனியில் நின்ற காரில்தானே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தச் சென்சருக்குள் ஒரு காந்தமும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. 20 பாகை செல்சியஸில் அதன் மின்தடை 560 முதல் 680 ஓம் வரை இருக்க வேண்டும். உள்ளே கம்பி மயிரிழை அளவு விட்டிருந்தாலும் ஆறிய நேரத்தில் முனைகள் ஒட்டியிருக்கும், மீட்டரும் ஒழுங்கான கணக்கைக் காட்டும். றம்பொடை வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது கியர் ஒயில் நன்றாகச் சூடேறும். சூட்டில் முனைகள் விலகும், சிக்னல் அறுந்துபோகும். இரவில் ஆறியதும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். உங்கள் காருக்கு நடப்பதும் இதே வரிசையில்தான்.

அதனால் காரை ஏற்றத்தில் ஓட்டி, விளக்கு எரிந்த பிறகு, சூடு ஆறுவதற்குள் சென்சரின் இரண்டு முனைகளையும் அளக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் கழற்றிய சென்சரை ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) மெதுவாகச் சூடாக்கியும் பார்க்கலாம். மீட்டர் எதையும் காட்டாமல் போனாலோ, அளவு நிலையில்லாமல் குதித்தாலோ சென்சர்தான் குற்றவாளி. ஒன்றைக் கவனியுங்கள்: 80 பாகைச் சூட்டில் அளவு 150 ஓம் போலக் கூடுவது செம்பின் இயல்பு. அதைக் காட்டி நல்ல சென்சரையும் மாற்ற வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சூட்டிலும் அளவு சரியென்றால் அடுத்தது பிளக்கும் வயரும். சேர்விஸ் போடும்போது சேறு போக வேண்டுமென்று எஞ்சின் பக்கம் பிரஷர் தண்ணீர் அடிப்பார்கள். தோட்டத்து ரோட்டில் ஓடும் கார்களில் பாதிக் கோளாறு இப்படி வந்ததுதான். பிளக்கின் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா, கொம்பியூட்டர் வரை வயர் எங்காவது உரசியிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கியர்பொக்ஸ் உண்மையிலேயே போயிருந்தால் அடையாளம் வேறு. ஒயில் கறுத்துக் கருகல் வாடை அடிக்கும், இரும்புத் துகள் தெரியும், எஞ்சின் இரையும் ஆனால் கார் இழுக்காது. அதுவும் மலையேற்றத்தில் மட்டுமல்ல, காலையிலும்.

இனி அந்த ரீகண்டிஷன் கதை. பெயர் பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் அது ஜப்பானில் கழித்த காரிலிருந்து கழற்றிக் கழுவிய பழைய பெட்டி. உள்ளே யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பெட்டி தன் சொந்தச் சென்சரோடு வரும். அதனால் பூட்டியதும் பி0717 மறைந்துவிடும், பார்த்தீர்களா, பெட்டிதான் பிழை என்பார்கள். உங்கள் பழைய பெட்டியை அவர்களே வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு சென்சர் போட்டால் அடுத்தவருக்கு விற்கலாம். இடையில் நிற்கும் தரகருக்கு இரண்டு பக்கமும் கொமிஷன். எதை மாற்றினாலும் கழற்றிய சாமானை வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அதற்குள் பழைய கார் தங்க விலைக்குப் போய்விட்டது, பயந்த மனிதர் கேட்ட காசைக் கொடுக்கிறார். வருடா வருடம் வரிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் அரசாங்கம், கராஜ்காரர் கோளாறை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு விதி போட்டால் என்ன? ஸ்கேன் முடிவை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். கோளாறு எண்ணை அழிக்க மட்டும் காசு கொடுக்காதீர்கள், அடுத்த ஏற்றத்தில் திரும்பி வரும்.

சென்சர் மாற்றுவதானால் பழையதன் பாகஎண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். ஒத்த தோற்றத்தில் பக்கத்திலேயே இன்னொரு வேகச் சென்சர் இருக்கும், மாறிவிடக்கூடாது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் புதிதாக, கொஞ்சம் ஒயில் பூசிப் போட வேண்டும். சிந்திய ஒயிலை நிரப்ப டொயோட்டா டைப் டி-4 (T-IV) மட்டும். அப்புறம் கோளாறு எண்ணை அழித்து, மறுபடி றம்பொடை ஏறிப் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

அதுவரை இறக்கத்தில் கவனம். விளக்கு எரியும் நேரத்தில் கியர் நீங்கள் கேட்டபடி இறங்குமென்று நம்ப முடியாது, எஞ்சின் பிடிப்புக் குறைந்தால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, ஆறவிட்டு இறங்குங்கள்.